டின்னவெல்லி மார்க்கு

பாளையங்கோட்டையில் அந்தக் காலத்தில் கிருபைராஜ் என்ற பெயரில் நாலு பேர் இருந்தார்கள். ஒருவர் உபதேசியார். ஒருவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். இன்னொருவர் ஜெயிலில் வார்டர். நாலாவது ஆளை அடையாளம் சொல்ல ‘மார்க்கு கிருபைராஜ்’ என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாதிரி ஐயர் ‘மாற்கு எழுதின சுவிசேஷம்’ என்று வாசிக்க ஆரம்பித்தால், பின்வரிசை இளவட்டங்கள் ஒன்றுபோலத் திரும்பி இவரைப் பார்க்கும். இவர் மீசையைத் தடவிக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருப்பார். உள்ளுக்குள் அதில் ஒரு சந்தோஷம் உண்டு என்பது அவர் மனைவி சாலோமிக்கு மட்டும் தெரியும்.

எழுதுகிற வேலைதான் அவருக்கும். ஆனால் எழுதியதெல்லாம் சாக்கில். ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கிடங்கு இருந்தது. சுற்றுவட்டாரப் புன்செய்களில் விளைகிற நிலாவரை இலை அங்கே வந்து பொதியாகி, ரயிலில் தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து கப்பலில் லண்டனுக்குப் போகும். ஒவ்வொரு பொதியின் முகத்திலும் ஊர்ப் பெயரை இங்கிலீஷில், திருநெல்வேலியை வெள்ளைக்காரன் வாயில் வருகிறபடி டின்னவெல்லி என்று, எழுத வேண்டும். அந்த எழுத்துக்குத்தான் மார்க்கு என்று பெயர்.

மற்றக் கம்பெனிகளில் தகரத்தில் எழுத்தை வெட்டி வைத்து, அதன் மேல் மையைத் தடவி எடுத்துவிடுவார்கள். கிருபைராஜுக்கு அதைக் கண்டாலே ஆகாது. தகர எழுத்து நடுநடுவே அறுந்து விழும். “பல்லுப் போன ஆளு பாட்டுப் படிச்ச மாதிரில்லா இருக்கு” என்பார். அவருடையது கையால் இழுத்த தூரிகை எழுத்து. பொதியின் முகம் மூன்று சாண் அகலம். டின்னவெல்லிக்கு இங்கிலீஷில் பத்து எழுத்து. முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தால் கடைசி எழுத்து விளிம்பில் மடங்கிப்போகும் என்று அவர் நடுவிலிருந்து ஆரம்பிப்பார். ஐந்தாவது எழுத்து ‘ஈ’, ஆறாவது எழுத்து ‘வி’. பிறகு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பொதி தைக்கிற சுடலைக்கண்ணுவுக்கு எந்த மொழியிலும் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனாலும் கோணி ஊசியைக் கையில் பிடித்தபடி, ஊர் இரண்டு பக்கமும் வளர்வதைத் தினமும் நின்று பார்ப்பான்.

கம்பெனித் துரை வந்து மூன்று வருஷமாகியிருந்தது. எல்லாரும் ‘மார்க்கு, மார்க்கு’ என்று கூப்பிடுவதைக் கேட்டு, ஞானஸ்நானத்தில் வைத்த பெயரே அதுதான் என்று அவர் நினைத்துக்கொண்டார். வேதக்காரர் ஆயிற்றே, மாற்கு என்று பெயர் இருப்பதில் என்ன அதிசயம்? “குட்மார்னிங், மார்க்” என்பார். கிருபைராஜும் “குட்மார்னிங் சார்” என்பார். திருத்தலாம் என்று முதல் வாரம் நினைத்தார். துரைகளைத் திருத்துகிற வேலை தன்னுடையது இல்லை என்று இரண்டாம் வாரம் விட்டுவிட்டார்.

நிலாவரை எதற்கு என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வயிறு கட்டிக்கொண்டு இரண்டு நாள் முகம் சுண்டிப்போனால் ஒரு கைப்பிடி இலையைக் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். மறுநாள் காலையில் கொல்லைக்கும் வீட்டுக்கும் நடக்கிற நடையில் முகம் தெளிந்துவிடும். விளைவது இங்கே என்றாலும் வைத்தியர்கள் அதைச் ‘சூரத்து நிலாவரை’ என்றுதான் சொல்வார்கள். இது கிருபைராஜுக்கு மிகவும் வசதியாக இருந்தது. பேதியின் பழி எங்கோ கிடக்கிற சூரத்தின் தலையில் போய்விட்டது. தான் எழுதுகிற டின்னவெல்லி வெறும் விலாசம், இன்ன ஊரிலிருந்து வருகிறது என்று லண்டன்காரனுக்கு மரியாதையாகத் தெரிவிக்கிற சேதி. இப்படி நம்பிக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் நிம்மதியாக எழுதினார்.

அந்தப் பெயரின் மேல் ஏன் அத்தனை பிரியம் என்பதற்கு அவர் வீட்டில் ஒரு பைபிள் இருந்தது. உபதேசியாராக இருந்த அவருடைய அப்பாவுக்கு இங்கிலாந்தில் ஏதோ ஒரு சபையார் அனுப்பியது. முதல் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாளின் கையெழுத்தில் ‘டின்னவெல்லியிலுள்ள எங்கள் சகோதரருக்கு’ என்று இருக்கும். அப்பா செருப்பில்லாமல் ஊர் ஊராக நடந்து ஜெபம் நடத்தித் தேய்ந்த மனுஷர். அப்பேர்ப்பட்டவரைக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள் உட்கார்ந்து நினைத்திருக்கிறாள். அந்த நினைப்பு வந்து சேர்ந்தது அந்தப் பத்து எழுத்தின் வழியாகத்தான். கிருபைராஜைப் பொறுத்தவரை ஒவ்வொரு பொதியிலும் அவர் எழுதியது அந்த அம்மாளுக்குப் பதில். சொன்னால் சிரிப்பார்கள் என்று இதை யாரிடமும் சொன்னதில்லை.

வெளியே சொன்னது வேறு மாதிரி இருக்கும். “சக்கரவர்த்திக்கு மதுரையத் தெரியுமோ தெரியாதோ, டின்னவெல்லிய நல்லாத் தெரியும்” என்பார்.

“உம்ம ஊரு பாளையங்கோட்டை. ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு நீரு ஏன் வே மார்தட்டுதீரு?” என்று மீரா முகைதீன் அண்ணாச்சி கேட்பார். மேலப்பாளையத்துக்காரர், கிடங்குக்குப் பொறுப்பு அவர்தான். இலையை உள்ளங்கையில் கசக்கி மோந்து பார்த்தே எந்த ஊர் மண்ணில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். இங்கிலீஷ் மட்டும் வாசிக்க வராது.

“ஜில்லாவுக்கே அதான அண்ணாச்சி பேரு” என்று கிருபைராஜ் சமாளிப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆடம்ஸ் மிஸ்ஸியம்மாள் என்று ஒருவர் இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்து இறங்கினார். வரவேற்புப் பத்திரத்தை நல்ல எழுத்தில் எழுதித்தரக் கிருபைராஜைக் கேட்டார்கள். எழுதினவரே வாசிக்கட்டும் என்று ஐயர் சொன்னதுதான் வினையாயிற்று. ஐயர் கொடுத்ததோடு நிற்காமல் கிருபைராஜ் கடைசியில் சொந்தமாக ஒரு வாக்கியம் சேர்த்திருந்தார். கூட்டத்தில் கழுத்து நரம்பு புடைக்க இங்கிலீஷில் அதை வாசித்தார்.

‘டின்னவெல்லி என்னும் நாமம் இங்கிலாந்து தேசத்தில் ஒவ்வொரு வீட்டிலும் உதடுகளில் இருக்கிறது என்பதை நாங்கள் நன்றியோடு அறிந்திருக்கிறோம்.’

மிஸ்ஸியம்மாளுக்கு முதலில் இருமல் வந்தது. பிறகு கைக்குட்டை வாய்க்குப் போனது. பிறகு தோள் இரண்டும் குலுங்கின. பக்கத்தில் இருந்த பழைய மிஷனெரி கூரையில் பல்லி எத்தனை என்று எண்ணுகிறவர்போல மேலே பார்த்தார். ஜனங்கள் கை தட்டினார்கள். கிருபைராஜ் மட்டும் தட்டலின் நடுவே பத்திரத்தைச் சுருட்டவும் மறந்து நின்றார். இலக்கணப் பிழை ஏதோ செய்துவிட்டோம் என்றுதான் அவருக்கு முதலில் பட்டது.

மறுநாள் கோட்டைப் போட்டுக்கொண்டு மிஸ்ஸியம்மாளின் பங்களாவுக்கே போய்விட்டார். என்ன பிழை என்று கேட்டார். அந்த அம்மாள் பொய் சொல்லத் தெரியாதவர். தமிழை இங்கிலாந்திலேயே வேதாகமத்தை வைத்துப் படித்தவர் என்பதால் பேச்சும் அந்த வாசனையில்தான் இருக்கும்.

“ஐயா, நீர் பிழை செய்யவில்லை. நீர் மெய்யையே சொன்னீர். நான் சிறுபிள்ளையாயிருந்த நாட்களில் என் பெரிய தாயார் சனிக்கிழமைதோறும் ஒரு கிண்ணம் கஷாயம் கொடுப்பார்கள். அது மிகவும் கசப்பாயிருக்கும். ‘டின்னவெல்லியைக் குடித்தாயோ?’ என்று கேட்பார்கள். நான் அழுவேன். அது ஓர் ஊர் என்று கப்பலில் ஏறும் வருஷத்தில்தான் அறிந்தேன்.”

கிருபைராஜ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“எங்கள் தேசத்தில் அது வழக்கம், ஐயா. சைனா என்றால் எங்களுக்குப் பீங்கான் தட்டு. மெட்ராஸ் என்றால் கைக்குட்டை. டிரிச்சினாப்பள்ளி என்றால் என் மாமன் புகைக்கும் சுருட்டு.”

“டின்னவெல்லின்னா?”

“அதுதான், ஐயா” என்றார் மிஸ்ஸியம்மாள், முகம் சிவந்துபோய்.

வீட்டுக்கு வந்தவர் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். சாலோமி பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டு விஷயத்தை வாங்கினாள். அவள் சேரன்மகாதேவியில் பிறந்தவள். வெள்ளைக்காரன் அந்தப் பெயரை ‘ஷெர்மாதேவி’ என்று குறுக்கிவிட்டதை வைத்துக் கல்யாணமான நாள் முதல் கிருபைராஜ் அவளைக் கேலி செய்துகொண்டிருந்தார். இத்தனை வருஷம் பொறுத்தவளுக்கு இன்று கை மேல் கிடைத்தது.

“எங்க ஊருப் பேரக் கடிச்சாம்னு சிரிச்சியள்லா? உங்க ஊருப் பேரக் குடிச்சேபுட்டானே!”

அவளும் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கிருபைராஜ் எழுந்து போய் அப்பாவின் பைபிளைத் திறந்து பார்த்தார். ‘டின்னவெல்லியிலுள்ள எங்கள் சகோதரருக்கு.’ அந்த அம்மாள் அதை எழுதின அன்றைக்குச் சனிக்கிழமையாக இருந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். மூன்றாம் நாள் ஒரு தீர்வு கிடைத்தது. வெள்ளைக்காரன் வாய்க்குத் தோதாக ஊர்ப் பெயரை நசுக்கி, வழவழவென்று ஆக்கியதால்தானே அது தொண்டையில் இறங்குகிறது? ‘திரு’வோடு சேர்த்து, உள்ளது உள்ளபடி திருநெல்வேலி என்றே எழுதினால்? இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிப் பார்த்தார். பன்னிரண்டு எழுத்து வந்தது. பன்னிரண்டு எழுத்தை எவன் விழுங்குவான்? நின்று வாசித்தாக வேண்டும். வாசித்தால் இது ஊர் என்று புத்தியில் படும். அந்தப் பெயருக்கு இழந்த மரியாதையைத் தூரிகையாலேயே மீட்டுவிடலாம் என்று அவருக்கு முகம் வெளிச்சமாகிவிட்டது.

அந்த வாரம் நாற்பது பொதி புறப்பட இருந்தது. நாற்பதிலும் திருநெல்வேலி என்றே எழுதினார்.

“ரைட்டரய்யா, இன்னைக்கு எழுத்து நெருக்கிக்கிட்டு நிக்கே?” என்றான் சுடலைக்கண்ணு. வாசிக்கத் தெரியாதவன் கண்ணுக்குத்தான் அது பட்டது. கிருபைராஜ் மனசு தாங்காமல் அவனிடம் விஷயத்தைச் சொன்னார்.

சுடலைக்கண்ணுவுக்கு இதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. “இதுக்கா இவ்வளவு? பொழுதன்னைக்கும் நாம ‘பத்தமடைய விரி’ன்னு சொல்லுதோம். ஊரையா விரிக்கோம்? பாயத்தான விரிக்கோம்?”

“படுக்கது வேற, குடிக்கது வேற லே” என்றார் கிருபைராஜ். “பத்தமடை மேல படுத்தா பத்தமடைக்கு ஒண்ணும் இல்ல. நம்ம ஊரு போற வழிய நெனச்சுப் பாரு.”

சுடலைக்கண்ணு நினைத்துப் பார்த்தான். “அது சரிதான்” என்று ஊசியில் சணலைக் கோத்தான்.

பொதிகள் போயின. மூன்று மாதம் கழித்துக் கப்பல் தபாலில் லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. துரை கிருபைராஜையும் மீரா முகைதீன் அண்ணாச்சியையும் அறைக்குள் கூப்பிட்டார். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. கடிதத்தை மேஜையில் அறைந்து வாசித்தார். முன்பின் கேட்டிராத ஏதோ ஓர் ஊரின் மார்க்கோடு நாற்பது பொதி வந்திருக்கிறது. நாங்கள் கேட்டது டின்னவெல்லி. இந்த இலை டின்னவெல்லியைவிட நிறம் வெளுத்தது, வாசனையும் அந்த வாசனை இல்லை. ஆகவே ஏற்க இயலாமல் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

கிருபைராஜ் இதை அண்ணாச்சிக்குத் தமிழில் சொன்னார். அண்ணாச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “வாசனை இல்லையாமா? ஒரே அம்பாரத்துல அள்ளுன இலை வே அது! அவன் மூக்க அடகு வச்சிட்டானா?”

கிருபைராஜ் அதை இங்கிலீஷில் சொன்னதும், “அது எனக்கும் தெரியும்” என்றார் துரை. “லண்டனுக்குத் தெரியாது. மார்க், யார் உன்னைப் பெயரை மாற்றச் சொன்னது? நீ சுதேசியா?”

போன வருஷம்தான் திருநெல்வேலியில் பெரிய கலகம் நடந்து துப்பாக்கிச் சூடு வரைக்கும் போயிருந்தது. சுதேசி என்ற சொல் அப்போது சிரிக்கிற சொல்லாக இல்லை. கிருபைராஜ் இரண்டு கையையும் ஆட்டினார். “இல்லை சார். ஸ்பெல்லிங் சார்” என்றார்.

அடுத்த தபால் வரட்டும் என்றார் துரை. லண்டன் அந்தப் பொதிகளை வேண்டாம் என்று தள்ளிவிட்டால் கிருபைராஜுக்கு வேலை கிடையாது. அதுவரைக்கும் தூரிகையைத் தொடக் கூடாது, தகரம் போதும். இதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தூத்துக்குடியிலிருந்து தகரம் வந்தது. அதில் வெட்டியிருந்த ‘என்’ இரண்டும் இடுப்பொடிந்து நின்றன. ஒரு கூலியாள் மையைத் தடவி நிமிஷத்துக்கு ஒரு பொதியாக அச்சடித்துத் தள்ளினான். கிருபைராஜைக் கிழிந்த சாக்குப் பொறுக்கிப் போட வைத்தார்கள். நாற்பத்தொன்பது வயசில், கோயிலில் மூப்பர் வரிசையில் உட்காருகிறவருக்கு அது பெரிய அவமானம். அதையும் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது அந்த ‘என்’தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் விரல் நமநமத்தது. இந்தக் கையால் இனி அந்தப் பெயரை எழுதவே முடியாமல் போய்விடுமோ என்று பயந்தார். நேர்மையாகச் சொன்னால், திருநெல்வேலிக்காக வரிந்துகட்டினவர் இப்போது டின்னவெல்லிக்காக ஏங்கிக்கொண்டிருந்தார்.

“நீங்க ஒண்ணும் தப்பாப் பண்ணலயே, ஊருப் பேரத்தான எழுதினிய” என்று சாலோமி சொன்னாள். கேலி செய்கிறவள் கேலி செய்யாமல் பேசினது அவரை இன்னும் பயமுறுத்தியது.

அடுத்த கடிதம் வந்த அன்று துரை தானே எழுந்து வந்து கதவைத் திறந்தார். வாயில் திருச்சிராப்பள்ளி புகைந்துகொண்டிருந்தது. “மார்க், உட்கார்” என்றார். அந்த அறையில் கிருபைராஜ் அதுவரை உட்கார்ந்ததில்லை.

அந்த நாற்பது பொதியையும் லண்டனில் ஒரு மருந்துக் கம்பெனிக்காரன் சோதித்துப் பார்த்து வாங்கிவிட்டானாம். டின்னவெல்லியைவிட இது மிருதுவாக வேலை செய்கிறதாம். வயிற்றைப் பிசைவதில்லையாம். வயசானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ரொம்பப் பொருத்தமாம். இனி மாதாமாதம் இதே இலை வேண்டும். தயவுசெய்து இதை டின்னவெல்லியோடு கலந்துவிட வேண்டாம்.

அண்ணாச்சி மோவாயைச் சொறிந்துகொண்டு, “வாசனை தெரியாதவனுக்கு வயிறாவது தெரியும்னு பாத்தேன்” என்று தமிழில் முனகினார்.

“ஒரே அம்பாரம்தான்” என்றார் துரை, கண்ணைச் சிமிட்டி. “பாதிக்கு அந்தப் பெயர், பாதிக்கு உன் பெயர். தகரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு நீயே இரண்டையும் எழுது.”

வேலை பிழைத்தது. தூரிகை திரும்பி வந்தது. ஆனால் கிருபைராஜுக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் முழுசும் உறைத்தது. இதுவரைக்கும் வெள்ளைக்காரன் குடித்தது நசுங்கிப்போன பெயரை. இனிமேல் குடிக்கப்போவது ‘திரு’வோடு கூடிய அசல் பெயரை. பன்னிரண்டு எழுத்தும் தொண்டையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. மீட்கப் போனவர் மிச்சம் இருந்ததையும் கிண்ணத்தில் போட்டுவிட்டார்.

“முடியாது சார்” என்று வாய்வரை வந்தது. முடியாது என்றால் தகரத்தில் வெட்டிக்கொள்வார்கள். அதனால் வேறு வழியில் போனார். “பேர் நீளம் சார். லண்டன்காரர்கள் கடிதத்திலேயே மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். கடையில் வந்து கேட்கிற அம்மாள் என்ன பாடுபடுவாள்?” என்று இங்கிலீஷில் விளக்கினார்.

துரை கடிதத்தைப் புரட்டிப் பார்த்தார். மூன்று விதமாகத்தான் இருந்தது. “சரி, பக்கத்தில் வேறு ஏதாவது ஊரைச் சொல். சாயங்காலத்துக்குள் வேண்டும்” என்றார். சொல்லிவிட்டு அவரே யோசித்து, “பாபநாசம் எப்படி? அருவிக்குப் போயிருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டார். கிருபைராஜ் அர்த்தம் சொன்னார். பாவத்தையெல்லாம் கழுவி வெளியேற்றுகிற ஊர் என்றதும் துரைக்கு ஒரே குதூகலம். இதைவிடப் பொருத்தமான பெயர் லண்டனிலேயே கிடையாது என்றார்.

கிடங்கில் இதைச் சொன்னபோது சுடலைக்கண்ணு ஊசியைக் கீழே வைத்தான். “ரைட்டரய்யா, அது சாமி ஊரு. எங்கம்மா சாம்பல அங்கனதான் கரைச்சேன். அந்தப் பேர எழுதுனியன்னா நான் பொதி தைக்க மாட்டேன். ஒரு பயலும் தைக்க மாட்டான்.”

பத்தமடையை விரித்துப் படுத்தவன்தான் அவன். கிருபைராஜ் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். சேரன்மகாதேவி என்று வாயெடுத்ததும் சாலோமி அகப்பையை நிறுத்திவிட்டாள். “எங்க ஊரத் தொட்டிய, அப்புறம் இந்த வீட்டுல சோறு கிடையாது.” திரும்ப நடந்து வரும்போது ஒவ்வோர் ஊராக நினைத்துப் பார்த்தார். மேலப்பாளையம் என்றால் அண்ணாச்சி இருக்கிறார். அம்பாசமுத்திரத்தில் தங்கையைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. எந்த ஊரை எடுத்தாலும் அங்கே யாராவது பிறந்திருக்கிறார்கள், யாரையாவது புதைத்திருக்கிறார்கள். சும்மா கிடக்கிற ஊர் என்று ஒன்று கூட இந்த ஆற்றங்கரையில் இல்லை.

சாயங்காலம் துரை கிடங்குக்கே வந்துவிட்டார். கிருபைராஜ் தூரிகையை மையில் தோய்த்தார். பொதியின் நடுவில் ‘பி’ எழுதினார். பக்கத்தில் ‘ஏ’. பிறகு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. சுடலைக்கண்ணு பின்னால் நின்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். “பத்து! அளவு சரியா நிக்கு” என்றான்.

துரை குனிந்து வாசித்தார். “கி-ரு-பை-ராஜ்.” நாக்கில் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். “நன்றாக இருக்கிறது. இது எங்கே இருக்கிறது, மார்க்?”

“சின்ன இடம் சார். பாளையங்கோட்டைக்கு உள்ளேயே.”

“இலை நன்றாக விளையுமா?”

“அதே இலைதான் சார்.”

துரை திருப்தியாகப் போய்விட்டார். மீரா முகைதீன் அண்ணாச்சிக்கு என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொன்னதும் அவர் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, தோளிலிருந்த துண்டை எடுத்துப் பொதியின் மேல் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். “பெரிய மனுசன் வே நீரு” என்றார்.

சாலோமியிடம் மறைக்க முடியுமா? அவளுக்கு அது ஒரு வருஷத்துக்குப் போதுமானதாக இருந்தது. கடைக்காரி, வண்ணாத்தி, அடுத்த வீட்டு இன்பமணி, யாரையும் விடவில்லை. “எங்க வீட்டு ஆளு லண்டன்ல மூட்ட மூட்டயா விக்காரு” என்பாள். கோயிலில் இளவட்டங்கள் மாற்கு சுவிசேஷத்துக்குத் திரும்பினது போக, இப்போது ‘தேவ கிருபை’ என்று பாட்டு வந்தாலும் திரும்பினார்கள்.

இப்படியே மூன்று வருஷம் போனது. பன்னிரண்டாம் வருஷம் ஐப்பசியில் ஒரு நாள், அடைமழை சற்று விட்டிருந்த நேரம், ஆடம்ஸ் மிஸ்ஸியம்மாள் குடையோடு அவர்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். கோயில் புத்தகத்தில் கிருபைராஜின் கையெழுத்தைப் பலமுறை பார்த்தவர் அவர்.

“ஐயா, என் பெரிய தாயாரிடத்திலிருந்து நிருபம் வந்திருக்கிறது. ஒரு காரியம் எனக்கு விளங்கவில்லை. வாசிக்கிறேன், கேளும்” என்று தமிழாக்கி வாசித்தார். “‘என் வயதுக்கு டின்னவெல்லி மிகவும் கடுமையாயிருந்தது. அதை விட்டுவிட்டோம். இப்பொழுது கடையில் கிருபைராஜ் என்று ஒன்று விற்கிறார்கள். அதைக் குடித்து வருகிறேன். அது சாந்தகுணமுள்ளது. அந்த ஊர் உனக்குச் சமீபமோ?’”

“சாந்தகுணமா?” என்றாள் சாலோமி. “வீட்டுல வந்து பாக்கச் சொல்லுங்கம்மா.”

கிருபைராஜ் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததையெல்லாம் சொன்னார். அப்பாவின் பைபிளையும் முதல் தடவையாக வெளியாள் ஒருவருக்கு எடுத்துக் காட்டினார். இந்த முறை மிஸ்ஸியம்மாளுக்கு இருமல் வரவில்லை. அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஐயா, நிருபம் இன்னும் முடியவில்லை” என்றார்.

“‘இப்பொழுது எங்கள் வீட்டில் டின்னவெல்லி என்று சொன்னால், நீ இருக்கிற ஊர் என்று சமையற்காரிக்கும் தெரியும். டின்னவெல்லி எப்படியிருக்கிறது? அங்கே மழை பெய்ததா?’”

கிருபைராஜ் நிமிர்ந்தார். “கடைசிய இன்னொரு தரம் வாசிங்கம்மா” என்றார்.

மிஸ்ஸியம்மாள் வாசித்தார். சாலோமி ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய் ஜன்னலைத் திறந்தாள். தூரத்தில் ஆற்று வெள்ளத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“பெய்யுதுன்னு எழுதுங்கம்மா” என்றார் கிருபைராஜ். “டின்னவெல்லியில நல்ல மழை, ஆறு ரெண்டு கரையும் தொட்டுப் போகுதுன்னு எழுதுங்க. பேரு மட்டும் சரியா எழுதணும். பத்து எழுத்து. ரெண்டு ‘என்’, ரெண்டு ‘எல்’.”